குறுக்குப் பலகையில் போட்ட முடிச்சு

எங்கள் கனமூலைத் தெருவில் சித்திரை லீவு என்றால் நுவரெலியாதான். அதற்கு மறுகதை கிடையாது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்குப் பிடித்து, விடியற்காலை ஸுப்ஹு தொழுத கையோடு புறப்படுவோம். பூந்தோட்டத்தில் ஒரு போட்டோ, ஏரிக்கரையில் குதிரையோடு ஒரு போட்டோ, பல் கிட்டும் குளிரில் ஐஸ்கிறீம், திரும்பும்போது மலை வளைவுகளில் பிள்ளைகளின் வாந்தி. எனக்கு அது போதும். வாந்திக்குத் தேசிக்காய் இருக்கிறது, குளிருக்குச் சுவெட்டர் இருக்கிறது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பயணம்தான் நல்ல பயணம் என்பது என் கொள்கை.

என் கணவருக்கு அந்தக் கொள்கை அறவே பிடிக்காது. ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மனிதருக்குக் கோட்டை கொத்தளங்களில் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பத்திரிகையில் பழைய கோட்டை, பாழடைந்த துறைமுகம், காட்டுக்குள் கல்வெட்டு என்று எது வந்தாலும் வெட்டி எடுத்து, கடை மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொள்வார். ஆணி வாங்க வருகிறவர்களுக்கும் அதைக் காட்டி விளக்கம் சொல்வார். சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு இந்த நோய் முற்றிவிட்டது. கூட்டாளிகளோடு யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்கப் போனார், வில்பத்துக் காட்டுக்குள் போனார், குதிரைமலைக்குப் போய் ஒரு போத்தலில் சிவப்பு மண்ணும் கொண்டுவந்தார். அந்தப் போத்தல் எங்கள் கண்ணாடி அலுமாரியில் நல்ல கோப்பைகளுக்கு நடுவில் இருந்தது. அதைத் துடைப்பது என் வேலை.

அந்த வருடம் வேனுக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தபோது அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஆறு தரம் அந்தப் பூவைப் பார்த்தாயிற்று, இனிப் பூவுக்குத்தான் எங்களைப் பார்த்துச் சலிக்கும் என்றார். கற்பிட்டிக்குப் போவோம், ஒல்லாந்தர் கோட்டையைப் பார்ப்போம், அடுத்த நாள் காலையில் வள்ளத்தில் கடலுக்குப் போய் டொல்பின் பார்ப்போம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கற்பிட்டிக்கு யாராவது லீவுக்குப் போவார்களா, அது கருவாடு வாங்கப் போகிற இடமல்லவா என்று நான் கேட்டேன்.

“வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வந்து பாக்கிறான். நாங்க பக்கத்தில இருந்துகொண்டு கருவாடு வாங்கிட்டு வாறம்,” என்றார்.

கோட்டைக்கு நான் எதிரியல்ல. வள்ளத்துக்குத்தான் எதிரி. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டுகிற வேலை இது என்று வாதாடினேன். ஆனால் எங்களுடைய ஒரே பிள்ளை, பதினொரு வயது மகள், வாப்பாவின் பக்கம். வகுப்பில் யாரோ டொல்பின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து அளந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளுடைய கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் மீன் வாலாகவே இருந்தது. இரண்டு பேர் ஒரு பக்கம் நின்றால் நான் என்ன செய்வது?

கடலுக்கு நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று சொல்லவேண்டும். நான் கடலால் வந்தவள். சண்டைக் காலத்தில், வடக்கு முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன வருடம், மன்னார்க் கரையிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில் வந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. எனக்குக் கீழே இரண்டு தங்கைமார், கடைசித் தம்பி கைக்குழந்தை. வாப்பா ஆண்களோடு பின்னால் வருவதாக இருந்தது. வள்ளத்தில் கொள்ளாத சனம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. உம்மா பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து முறுக்கி, எங்கள் நாலு பேரின் இடுப்பையும் வரிசையாகச் சுற்றிக் கட்டி, முனையை வள்ளத்தின் குறுக்குப் பலகையில் முடிச்சுப் போட்டார். தண்ணீர் முகத்தில் அடித்ததும் பெரியவர்கள் ஓதியதும் சேலை இடுப்பை அறுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கரைக்கு வந்தபோது நாலு பேரும் இருந்தோம்.

உம்மாவின் சேலைதான் எங்களைக் கரை சேர்த்தது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. கலியாண வீடுகளில் சாப்பாடு முடிந்து பெண்கள் கூடியிருக்கும்போது யாராவது இதை எடுப்பார்கள். உம்மா ஒன்றும் பேசாமல் இருப்பார். அவருடைய அடக்கம் அது என்று நாங்கள் பெருமைப்படுவோம். நான் அதற்குப் பிறகு ஒரு வள்ளத்திலும் கால் வைத்ததில்லை.

கற்பிட்டிக்கு எங்கள் ஓட்டோவில் போனோம். கோட்டை கடற்படை முகாமுக்குள் இருப்பதால் ஒரு சிப்பாய் கூடவே வந்தார். என் கணவர் அந்தச் சிப்பாய்க்கே சிங்களத்தில் ஒல்லாந்தர் கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தார். பாவம், அந்தப் பையன் மரியாதைக்குத் தலையாட்டினான். நான் மதிலின் தடிப்பைப் பார்த்தேன். இவ்வளவு தடிப்பாக மதில் கட்டினவன் என்னைவிடப் பயந்தாங்கொள்ளியாக இருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். மகள் சிரித்தாள். அவள் சுரங்க வழியின் வாசலில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தபோது அவளுடைய சட்டையின் பின்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே பாம்பு இருக்கலாம், கல் விழலாம். மதிலில் ஏறி நின்று களப்புத் தண்ணீரைப் பார்த்தபோதும் பிடித்துக்கொண்டேன்.

“உம்மா, விடுங்களேன்,” என்றாள். விட்டதுபோல விட்டு, பிறகு பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை, வெயில் ஏறுமுன் கடற்கரைக்குப் போனோம். வள்ளக்காரர் என் கணவருக்குத் தெரிந்தவர். எங்கள் கடைக்கு எஞ்சின் திருத்தும் சாமான் வாங்க வருவார். பேச்சுக் குறைந்த மனிதர். கடல் நல்லாயிருக்கிறது, ஒன்பது மணிக்குள் வந்துவிடுவோம், அதற்குப் பிறகுதான் காற்று எழும்பும் என்றார். நீங்களும் வரலாமே என்று என்னிடம் ஒரு தரம் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை.

லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. மகளுக்கு எடுத்துத் தந்தது பெரிய ஆளுக்கானது. அவள் அதற்குள் ஆமைபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். பட்டியை இறுக்கிய பிறகும் என் இரண்டு கைகளும் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. எங்களுக்கு முன்னால் புறப்பட்ட வள்ளத்தைப் பார்த்தேன். எங்கள் பகுதி ஆண்கள் சிலர் அதில் போனார்கள். காவலரணில் பெயர் பதியும் வரை எல்லோரும் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் ஒவ்வொருவராகக் கழற்றி, மடித்து, மெத்தை மாதிரி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். கடற்கரையில் பிறந்தவனுக்கு ஜாக்கெட் எதற்கு என்ற கெப்பர், வெறும் வீம்பு. இந்தச் சாமானை நம்பி என் பிள்ளையை அனுப்பவேண்டும்.

போகவேண்டாம் என்று சொன்னால் மகளின் முகம் எப்படி மாறும் என்று தெரியும். ஆண்கள் இருவரும் வள்ளத்தின் பின்பக்கம் எஞ்சினோடு நின்றார்கள். மகள் குறுக்குப் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய பட்டியைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தேன். என் தோளில் கிடந்த நீளமான ஷோலை எடுத்து ஜாக்கெட்டுக்குள்ளால் விட்டு அவளுடைய இடுப்பைச் சுற்றினேன். மற்ற முனையைப் பலகைக்குக் கீழால் எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன்.

ஏன் என்று கேட்டாள்.

“உம்மும்மா எங்களக் கட்டின மாதிரி. கடல் இழுத்தாலும் நீ போகமாட்டாய். வாப்பாட்ட சொல்லாத.”

அவள் சொல்கேட்கிற பிள்ளை. ஜாக்கெட்டை இழுத்து முடிச்சை மூடிக்கொண்டாள். வள்ளம் புறப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கரையில் ஒரு வாடி இருந்தது. ஓலையால் மேய்ந்த மீன்பிடிக் குடில். அதன் நிழலில் ஒரு பெண் கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சண்டையின்போது வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கத்தோலிக்கப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தள்ளிவிட்டார். நான் உட்காரவில்லை. ஆயத்துல் குர்ஸியை ஓதினேன், எண்ணிக்கை தவறி மறுபடி தொடங்கினேன். வள்ளம் ஒரு புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போனது.

ஒன்பது மணியானது. ஒன்பதரையானது. அவருடைய ஃபோனுக்கு எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். மூன்றையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. வாடியின் ஓலை சரசரத்தது. அலைகளின் தலை வெள்ளையாக உடைந்தது.

மீன் வெட்டிய பெண் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார். இந்தக் காற்றெல்லாம் ஒரு காற்றா, பயப்படாதே என்று தொடங்கினார்.

“போன வருசம் இதைவிடப் பெரிய காத்தில இந்த முகப்பில ஒரு வள்ளம் பிரண்டது, தங்கச்சி. அதில போனவை எல்லாரும் வள்ளத்தைப் பிடிச்சு மிதந்து வந்திட்டினம். ஒராள்தான் வரேல்ல. அவற்ற கால் வலையோட பிணைஞ்சு, வலை வள்ளத்தோட பிணைஞ்சு போச்சு.”

அவர் அடுத்த மீனை எடுத்தார். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிரண்ட வள்ளத்தில் பலகை எங்கே இருக்கும்? தண்ணீருக்குள். பலகையில் கட்டியிருக்கிற பிள்ளை எங்கே இருக்கும்? ஜாக்கெட் மேலே தூக்கும், ஷோல் கீழே இழுக்கும். மூன்று முடிச்சு. மூன்றாவது முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்கமுடியும். நான் அதை அப்படித்தான் போட்டேன். வாப்பாவிடம் சொல்லாதே என்றும் சொல்லி அனுப்பினேன்.

கடலில் பிள்ளை விழுந்துவிடுவாள் என்ற பயத்தோடு இருந்தவள் நான். இப்போது அவள் விழமுடியாது என்ற பயம் வந்தது. அதைப்போல ஒன்றை நான் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. ஓதிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது.

கரையில் இழுத்துவிட்டிருந்த ஒரு வள்ளத்தை நோக்கி ஓடினேன். அந்தப் பெண் கத்தியோடு எழுந்து பின்னால் வந்தார். என்னைக் கொண்டுபோகச் சொன்னேன், யாராவது ஒருவரைக் கூப்பிடச் சொன்னேன். அந்த வள்ளத்துக்கு எஞ்சின் இல்லை, மற்றதெல்லாம் கடலில், ஆண்கள் ஒருவரும் இல்லை என்றார். எட்டு வயதுக்குப் பிறகு வள்ளத்தைத் தொடாதவள், எஞ்சின் இல்லாத அந்த வள்ளத்தைத் தனியாகத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தேன். அது அசையவில்லை. விட்டுவிட்டுக் கடலுக்குள் நடந்தேன். இடுப்பளவு தண்ணீர் வந்தபோது அந்தப் பெண் என் அபாயாவைப் பின்னால் பிடித்துக்கொண்டார். என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார், ஆனால் பிடியை விடவில்லை.

அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் வள்ளம் தெரிந்தபோதும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. கரைக்கு வருமுன் முகப்பில் அலை உடைகிற இடத்தைத் தாண்டவேண்டும். அந்தப் பெண் சொன்ன வள்ளம் அங்கேதான் பிரண்டது. வள்ளத்தின் மூக்கு மேலே போனது, கீழே போனது, மறைந்தது, மறுபடி வந்தது. நான் மகளின் ஜாக்கெட்டை மட்டும் பார்த்தேன். அது பலகையில் இல்லை. வள்ளத்தின் முன்பக்கத்தில், வாப்பாவின் இரண்டு கைகளுக்குள் இருந்தது.

கரைக்கு வந்ததும் என் கணவர் இறங்கி, மகளைத் தூக்கி இறக்கிவிட்டு, என் கையில் ஷோலைத் தந்தார். இரண்டு துண்டாக இருந்தது. கோபம் வந்தால் உரத்துப் பேசுகிற மனிதர் அவர். பேசாமல் போய் ஓட்டோவில் உட்கார்ந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வள்ளக்காரர் நங்கூரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். டொல்பின் கூட்டம் தூரத்தில் நின்றதால் பிந்திவிட்டது. கூட்டம் மற்றப் பக்கம் வந்தபோது, முன்னுக்கு வா மகள் என்று என் கணவர் கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பயந்துபோனாள் என்று நினைத்து அருகே போனபோது ஷோலின் நுனியைக் கண்டார். வள்ளக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, மீன் வெட்டும் கத்தியால் அறுத்திருக்கிறார். யார் கட்டியது என்று என் கணவர் கேட்டதற்கு மகள் கடைசிவரை பதில் சொல்லவில்லையாம்.

“ராத்தா, கோவிக்க வாணாம். வள்ளத்தில ஆரையும் கட்டப்படா. கட்டின புள்ள வள்ளத்தோட போயிரும். இது கடக்கரையில சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

நான் மகளிடம் டொல்பின் பார்த்தாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அறுத்த பிறகு பார்த்தேன், தூரமாகப் போய்விட்டது, ஒரு குட்டியும் இருந்தது என்றாள். வாப்பாவிடம் நான் சொல்லவில்லை உம்மா, அவராகத்தான் கண்டுபிடித்தார் என்றும் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையின் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் அழுதேன்.

திரும்பும் வழியில் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. பிறகு என் கணவர், ரோட்டைப் பார்த்தபடியே, நீ வந்திருக்கலாம் என்றார். அவ்வளவுதான். அதில் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. உம்மாவின் வீட்டில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.

உம்மா மாம்புரியில் என் தங்கச்சியோடு இருக்கிறார். நாங்கள் போனபோது முற்றத்து மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்து, பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தின் தாளை வெட்டிக்கொண்டிருந்தார். என் கணவரும் மகளும் உள்ளே போனார்கள். நான் ஈரம் காயாத அபாயாவோடு உம்மாவுக்கு முன்னால் குந்தினேன். நடந்ததைச் சொன்னேன். வள்ளக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவர் வெட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு நான் கேட்டது கேள்வியல்ல, முறைப்பாடு. உங்களைப் பார்த்துத்தானே செய்தேன், அந்த வள்ளம் பிரண்டிருந்தால் நாங்கள் நாலு பேரும் போயிருப்போமே, அது உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதா என்றேன். இத்தனை வருடமாகக் கலியாண வீடுகளில் சொன்ன கதை ஒரு முட்டாள்தனத்தின் கதையாகிவிட்டதே என்ற ஆத்திரம் எனக்கு.

உம்மா கத்தியைச் சாக்கில் வைத்தார்.

“தெரியாதா, மகள்? நானும் கடக்கரையில பொறந்தவதான். கட்டினது வள்ளத்தோட போகும் எண்டு எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏன் கட்டினீங்க?”

“நீங்க நாலு பேரு. எனக்கு ரெண்டு கை. வள்ளம் பிரண்டா ரெண்டு பேரப் புடிக்கலாம். மத்த ரெண்டு பேரும் ஆரு எண்டு என்னச் சொல்லச் சொல்றியா?” என்றார். குரல் உயரவில்லை. “அதான் ஒண்டாக் கட்டினன். கடைசி முடிச்சு என்ட இடுப்பில. நீங்க அதக் கண்டிருக்கமாட்டீங்க.”

அவர் கத்தியை எடுத்து மறுபடி வெங்காயத் தாளை வெட்டத் தொடங்கினார். உள்ளே மகள் டொல்பின் குட்டி எப்படிப் பாய்ந்தது என்று சின்னம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். குசினியில் தேத்தண்ணிக்குக் கோப்பை எடுக்கும் சத்தம் கேட்டது. நானும் ஒரு பிடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

நாலு பேரில் மூத்தவள் நான். எனக்குக் கொஞ்சம் நீந்தவும் தெரியும். தம்பி கைக்குழந்தை, கடைசித் தங்கச்சிக்கு மூன்று வயது. உம்மாவின் இரண்டு கைகளும் யாரைப் பிடித்திருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அதை நான் அவரிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.